யிட்டிஷ் சிறுவர் இலக்கியமும் அதைப் படித்த பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசக் பாஷவிஸ் சிங்கரின் கதைகள் தமிழிலும் வந்திருப்பதால் யிட்டிஷ் என்ற பெயர் நம் வாசகர்கள் பலருக்குப் பழக்கம்தான். அந்த மொழியில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய இலக்கியம் இருந்தது. அதைப் பற்றியும், அதைப் படித்த யூதப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலானோர் எடுத்த எடுப்பில் ஹிட்லர் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கும் பதில் உண்டு, பின்னால் வரும். குறும்பும் சிரிப்பும் பசியுமாக இந்தப் புத்தகங்களில் திரிகிற பிள்ளைகளை முதலில் பார்த்துவிடலாம்.

யிட்டிஷ் என்ன மொழி? ஹீப்ரு வேறு, இது வேறா?

வேறுதான். ஹீப்ரு வழிபாட்டுக்கும் வேதப் படிப்புக்கும் உரியது. யிட்டிஷ் வீட்டு மொழி. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹீப்ரு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஹீப்ரு, அராமிக், ஸ்லாவிய மொழிச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கும். இன்றைய போலந்து, லிதுவேனியா, பெலாரஸ், உக்ரைன், ருமேனியா பகுதிகளில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி இதுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பேசினார்கள். ஆனால் படித்த யூதர்களில் பலரே இதைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். 1908-இல் செர்னோவிட்ஸ் நகரில் ஒரு மாநாடு கூட்டி, யிட்டிஷும் யூத மக்களின் தேசிய மொழிகளில் ஒன்று என்று அறிவிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து யூதச் சிறுவர்கள் எங்கே படித்தார்கள்?

ஹெய்டெர் என்ற திண்ணைப் பள்ளியில். பையனுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பெரும்பாலும் அது ஆசிரியரின் சொந்த வீடுதான். ஒரே அறையில் ஒரு பக்கம் பையன்கள் கூச்சலாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஆசிரியரின் மனைவி சமைத்துக்கொண்டிருப்பார். மெலாமெத் என்று அழைக்கப்பட்ட அந்த ஆசிரியருக்கு வருமானம் சொற்பம், மரியாதை அதைவிடச் சொற்பம். கையில் சாட்டை மட்டும் இருக்கும். அவருடைய உதவியாளர் காலையில் வீடு வீடாகப் போய்ச் சின்னப் பையன்களைக் கூட்டிவருவார். சேற்றுக் காலத்தில் தோளில் தூக்கியும் வருவார்.

முதல் நாள் மட்டும் கொண்டாட்டம். எழுத்துகளின்மேல் தேனைத் தடவிப் பையனை நக்கச் சொல்வார்கள். பக்கத்தின்மேல் மிட்டாயோ காசோ மேலிருந்து விழும், தேவதை போட்டது என்பார்கள். அப்புறம் தேனும் இல்லை, தேவதையும் இல்லை. காலையிலிருந்து மாலைவரை பாடம்தான். குளிர்காலத்தில் இருட்டிய பிறகு கையில் விளக்கோடு வீடு திரும்புவார்கள். எழுத்து, பிரார்த்தனைப் புத்தகம், அதன்பின் வேதம் என்று படிப்பு போகும். வேதத்தில் முதலில் எடுப்பது ஆதியாகமத்தின் கதைகளை இல்லை, பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தை! ஐந்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பாடம் கிடைக்காது.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. யிட்டிஷை யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. ஹீப்ரு வாக்கியத்துக்குச் சொல் சொல்லாக யிட்டிஷில் பொருள் சொல்வார்கள், அவ்வளவுதான். ஆனால் எழுத்து ஒன்றே என்பதால், ஹீப்ரு எழுத்துக் கூட்டத் தெரிந்த பையனுக்கு யிட்டிஷ் கதைப்புத்தகமும் தானாகவே படிக்க வந்துவிடும். பின்னால் அத்தனை பெரிய வாசகர் கூட்டம் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டா?

ஹெய்டெர் படிப்பு பையன்களுக்கானது. பெண் பிள்ளைகள் சிலர் அதன் ஓரத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். பலர் வீட்டில் அம்மாவிடமோ வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஒருவரிடமோ கற்றார்கள். அவர்கள் கைக்கு வந்த முக்கியமான புத்தகம் 'த்ஸெனெ-ரெனெ'. வேதக் கதைகளையும் விளக்கங்களையும் யிட்டிஷில் சொல்லும் நூல் இது. இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1622-ஆம் ஆண்டினது. சனிக்கிழமை மதியம் அம்மா இதை உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டதைப் பல எழுத்தாளர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பையன் பலிச் சட்டங்களை மனப்பாடம் செய்த வயதில் அவன் அக்கா யோசேப்பின் கதையைக் கேட்டு அழுதிருப்பாள். யாருக்குப் படிப்பு மறுக்கப்பட்டதோ அவளுக்குத்தான் கதை கிடைத்தது.

பக்தியுள்ள குடும்பத்துப் பெண்களுக்கான முறையான பள்ளி பிறகுதான் வந்தது. கிராகோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் 1917-இல் தொடங்கிய பெய்ஸ் யாகோவ் பள்ளி இருபதே ஆண்டுகளில் பெரிய வலையமைப்பாக வளர்ந்து பல்லாயிரம் மாணவிகளைச் சேர்த்தது.

பள்ளிக்கு வெளியே என்ன செய்தார்கள்?

பண்டிகைக்கு ஒரு விளையாட்டு இருந்தது. ஹனுக்காவுக்கு ஈயத்தில் வார்த்த பம்பரம், பூரிமுக்குக் கிலுக்கி, பாஸ்காவுக்குக் கொட்டைகளை உருட்டி ஆடும் ஆட்டம், லாக் பா-ஓமர் அன்று காட்டுக்குப் போய் வில் அம்பு. வேலையும் இருந்தது. ஏழை வீட்டுப் பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் தையல்காரரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ தொழில் பழகப் போவான். முதல் வருடம் தொழில் கற்பதைவிட முதலாளியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிவதுதான் அதிகம்.

இன்னும் பழைய பயம் ஒன்று உண்டு. 1827-இல் ஜார் முதலாம் நிக்கொலாய் யூதர்களிடமிருந்து ராணுவத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார். 12 வயதுப் பையன்களையும் எடுத்தார்கள், சில சமயம் அதைவிடச் சின்னவர்களையும். எண்ணிக்கையை நிரப்பும் பொறுப்பு யூத சமூகத் தலைவர்களிடமே விடப்பட்டது. அவர்கள் வைத்திருந்த பிள்ளைபிடிகாரர்கள் ஏழை வீட்டுப் பையன்களைத்தான் பிடித்துக் கொடுத்தார்கள். 1856-இல் இது நின்றது. பணக்காரர் பிள்ளை வீட்டில் இருக்க, விதவையின் ஒரே மகன் போனான் என்று புலம்பும் பாட்டு அதற்கப்புறமும் பல காலம் பாடப்பட்டது.

குழந்தைகளுக்கென்று தனியாக எப்போது எழுதத் தொடங்கினார்கள்?

யிட்டிஷில் கதைப்புத்தகம் 16-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஊர் ஊராக மூட்டை தூக்கி வரும் புத்தக வியாபாரியிடம் மெல்லிய கதைப் பிரசுரங்கள் கிடைக்கும். பெரியவர்கள் வாங்குவார்கள், பிள்ளைகளும் படிப்பார்கள். குழந்தைக்கென்று எழுதுவது பெரும்பாலும் 1900-க்குப் பிறகு நடந்தது. காரணம் எளிது. யிட்டிஷில் நவீனப் பள்ளி நடத்த வேண்டும் என்று ஒரு தலைமுறை கிளம்பியது. பள்ளி திறந்த பிறகு படிக்கக் கொடுக்கப் புத்தகம் இல்லை. ஆசிரியர்களே எழுதினார்கள், கவிஞர்களைப் பிடித்து எழுதவைத்தார்கள், ஆண்டர்சனையும் கிரிம் சகோதரர்களையும் மொழிபெயர்த்தார்கள்.

பெரியவர்களுக்கு எழுதிப் பெயர் வாங்கியவர்களும் இதைச் சின்ன வேலையாக நினைக்கவில்லை. வார்சாவின் இலக்கிய உலகுக்கே தலைவர் போலிருந்த இ. லெ. பெரெட்ஸ், முதல் உலகப் போரில் ஓடிவந்த அகதிகளின் பிள்ளைகளுக்காக நண்பர் யாக்கோப் தினெஸோனோடு சேர்ந்து ஓர் இல்லம் தொடங்கினார். 1915 ஏப்ரலில், எழுதிக்கொண்டிருந்த குழந்தைப் பாட்டு பாதியில் நிற்க, மேசையிலேயே இறந்துபோனார்.

ஷோலெம் அலெய்கெம் சிறுவர் எழுத்தாளரா?

பிள்ளைகளைப் பற்றி எழுதியவர் என்பது இன்னும் சரி. 1887-இல் வந்த 'பேனாக்கத்தி' கதையில் கத்திமேல் ஆசைப்பட்ட பையன் ஒருவன் வீட்டில் குடியிருப்பவரின் கத்தியைத் திருடிவிடுகிறான். ஹெய்டெரில் இன்னொரு ஏழைப் பையன் உண்டியலில் காசு எடுத்துப் பிடிபட்டு, எல்லோர் முன்னாலும் விசாரிக்கப்படுவதைப் பார்க்கிறான். கத்தி கிணற்றுக்குள் போகிறது, பையன் காய்ச்சலில் விழுகிறான். திருடாதே என்று போதிப்பதற்காக எழுதியதுபோலத் தெரியும். ஆனால் அந்தப் பையன் கத்தியை எத்தனை ஆசையோடு தீட்டுகிறான் என்ற வர்ணனையைப் படித்தால் ஆசிரியர் யார் பக்கம் என்று புரிந்துவிடும்.

அவருடைய மிகச் சிறந்த பிள்ளை மோட்ல். 1907-இல் தொடராக வரத் தொடங்கியது. தந்தை இறந்ததும் ஊரே பரிதாபப்படுகிறது. யாரும் அடிப்பதில்லை, பாடத்துக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் 'நான் அனாதை, எனக்கு ஜாலி' என்று அலைகிறான். அண்ணன் ஒரு புத்தகத்தைப் பார்த்து வீட்டிலேயே க்வாஸ் பானம், மை, எலி மருந்து என்று ஒவ்வொன்றாகத் தயாரித்துப் பணக்காரனாகப் பார்க்கிறான், ஒவ்வொன்றும் கவிழ்கிறது. அப்புறம் குடும்பமே எல்லை தாண்டி அமெரிக்கா போகிறது. பெரியவர்களுக்குத் துன்பமாக இருப்பதெல்லாம் மோட்லுக்கு வேடிக்கை. அழும் அம்மாவும் குதிக்கும் பையனும் ஒரே வாக்கியத்தில் வருவார்கள். அகதிகளைப் பற்றி இதற்குப் பின் எத்தனையோ நாவல்கள் வந்துவிட்டன, இந்தச் சமநிலையை எட்டியவை குறைவு. 1916-இல் நியூயார்க்கில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை இதை எழுதிக்கொண்டிருந்தார், முடியவில்லை.

அவர் 1892-இல் எழுதிய ஒரு தாலாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்பா அமெரிக்காவில் இருக்கிறார், அங்கே வார நாளிலேயே ஹாலா ரொட்டி சாப்பிடுவார்களாம், நம்மையும் அழைத்துக்கொள்வார், தூங்கு என்று தாய் பாடுவாள். இங்கே ஹாலா சனிக்கிழமைக்கு மட்டும்தான்.

ஷகால், லிசிட்ஸ்கி போன்ற ஓவியர்கள் யிட்டிஷ் சிறுவர் புத்தகங்களுக்கு வரைந்தார்களாமே?

ஆமாம். டெர் நிஸ்டர் என்ற புனைபெயரில் எழுதிய பிங்காஸ் கஹனோவிச்சின் சேவல் கதை, ஆட்டுக்குட்டிக் கதை இரண்டும் ஷகாலின் படங்களோடு 1917-இல் வந்தன. 1918-இல் கீவ் நகரில் தொடங்கிய 'குல்தூர்-லீகெ' என்ற பண்பாட்டு அமைப்பைச் சுற்றி எல் லிசிட்ஸ்கி, இசாகர் பேர் ரீபக் போன்றவர்கள் இயங்கினார்கள். மானி லெய்ப் எழுதிய 'யிங்ல் த்ஸிங்ல் க்வாத்' என்ற பாட்டுக்கதைக்கு லிசிட்ஸ்கி 1919-இல் வரைந்தார். சேறும் மழையுமாக இலையுதிர் காலம் முடியாமல் நீளும் ஓர் ஊருக்கு ஒரு பொடிப்பையன் குளிர்காலத்தைக் கொண்டுவருகிற கதை. அதே ஆண்டு பாஸ்கா விருந்தின் முடிவில் பாடும் 'ஹத் கத்யா' என்ற ஆட்டுக்குட்டிப் பாட்டையும் வண்ணப் புத்தகமாக்கினார். எழுத்தே படத்தின் பகுதியாக வளைந்து நெளியும்.

வெளியே உள்நாட்டுப் போர், யூதர்கள்மேல் படுகொலைகள், காகிதத் தட்டுப்பாடு. அந்தக் கலவரங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாஸ்கோ அருகே மலாகோவ்காவில் ஒரு குடியிருப்புப் பள்ளி இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் ஷகால் அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தார், டெர் நிஸ்டரும் ஆசிரியர். உலகத்தின் எந்த உயர்தரப் பள்ளிக்கும் கிடைக்காத ஆசிரியர்கள், வீடே இல்லாத பிள்ளைகளுக்குக் கிடைத்தார்கள்.

பெண் எழுத்தாளர்களில் யாரைப் படிக்கலாம்?

காத்யா மொலொடோவ்ஸ்கியை. என்னைக் கேட்டால் இந்த இலக்கியத்தில் முதலில் எடுக்க வேண்டிய கவிஞரே இவர்தான். 1894-இல் பிறந்தவர், வார்சாவில் யிட்டிஷ் பள்ளி ஆசிரியை. ஏழை யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஜிகா தெருவை அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். 1933-இல் வந்த கவிதைத் தொகுப்புக்கு அந்தத் தெருவின் பெயரையே வைத்தார். வகுப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பசி என்பதை மறைத்துத் தேவதைக் கதை சொல்வது அவருக்கு ஒப்பவில்லை. பசியை மட்டுமே எழுதவும் ஒப்பவில்லை. ஒரு கவிதையில் ஒரே மேலங்கி பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு இறங்கிக்கொண்டே போகிறது, ஒவ்வொருவரிடமும் ஒரு புதுக் கதி அடைகிறது. இன்னொன்றில் வீட்டு வேலை குவிந்து கிடக்க, ஓல்கா நீலக்குடையோடு பகல் கனவில் திரிகிறாள். வேலையைச் செய்யாததற்காக அவளைக் கவிதை திட்டுவதே இல்லை.

1935-இல் அமெரிக்கா போனார். அவருடைய சிறுவர் கவிதைகள் 1940-களில் ஹீப்ருவில் வந்தன. ஓல்கா அங்கே அய்லெத் ஆனாள். இஸ்ரேலில் பல தலைமுறைப் பிள்ளைகள் அவற்றை ஹீப்ருப் பாட்டு என்றே நினைத்து வளர்ந்தார்கள்.

யிட்டிஷ் பள்ளிகளில் எத்தனை பேர் படித்தார்கள்?

போலந்தில் 1921-இல் 'த்ஸிஷோ' என்ற மதச்சார்பற்ற யிட்டிஷ் பள்ளி அமைப்பு தொடங்கியது. 1920-களின் இறுதியில் சுமார் 24,000 மாணவர்கள். கணிசம்தான், ஆனாலும் போலந்தின் யூதப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படித்தது கட்டணமில்லாத போலிஷ் அரசுப் பள்ளிகளில். இதைச் சொல்லாமல் விட்டால் படம் தவறாகிவிடும். ஒரே வீட்டில் தாத்தா யிட்டிஷ் நாளிதழும் பேத்தி போலிஷ் நாவலும் படித்த காலம் அது.

இந்தப் பள்ளிகளைச் சுற்றிப் பத்திரிகைகள் வளர்ந்தன. வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) ஷ்லோய்மெ பஸ்டோம்ஸ்கி நடத்திய 'கிரினிங்கெ பெய்மெலெக்' (பச்சை மரக்கன்றுகள்) 1914-இல் தொடங்கி, இடையிடையே நின்று, 1939 வரை வந்தது. வார்சாவுக்கு அருகே மியெத்ஸெஷினில் காசநோய் அபாயத்திலிருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக 1926-இல் திறந்த மெடெம் சானடோரியத்தில் பிள்ளைகளே சுய ஆட்சி நடத்தினார்கள். அதைப் பற்றி எடுத்த படத்தைப் போலந்து தணிக்கை தடை செய்தது.

சோவியத்தில் கதை வேறு. 1930-களின் தொடக்கத்தில் அரசு யிட்டிஷ் பள்ளிகளில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். மதம் அறவே கிடையாது. ஹீப்ருச் சொற்களின் எழுத்துக்கூட்டலைக்கூட மாற்றிவிட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலான பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே மிகப் பிரபலமான சிறுவர் கவிஞர் லெய்ப் க்விட்கோ. ரஷ்யச் சிறுவர் எழுத்தாளர் கோர்னெய் சுகோவ்ஸ்கி அவரைக் கொண்டாட, ரஷ்ய மொழிபெயர்ப்பில் லட்சக்கணக்கில் விற்றார். தளபதி வொரொஷிலோவுக்கு ஒரு பையன் எழுதும் கடிதமாக அவர் எழுதிய பாட்டு நாடு முழுக்கப் பாடப்பட்டது. அதை விடுங்கள், குதிரைக்குட்டிகளையும் பூனைகளையும் பற்றி எழுதியவைதான் அவருடைய நல்ல கவிதைகள். 1952 ஆகஸ்ட் 12 அன்று ஸ்டாலின் அரசு சுட்டுக் கொன்ற 13 யூதர்களில் அவரும் ஒருவர். டெர் நிஸ்டர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சோவியத் சிறை முகாமில் இறந்திருந்தார்.

பிள்ளைகள் தாங்களே எழுதியது ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது, அதுவும் குவியலாக. வில்னாவில் 1925-இல் உருவான யிவோ ஆய்வு நிறுவனம் 1932, 1934, 1939 ஆகிய ஆண்டுகளில் இளைஞர்களுக்குச் சுயசரிதைப் போட்டி நடத்தியது. 16 முதல் 22 வயதுக்காரர்கள் எழுதலாம், அழகான நடை தேவையில்லை, உண்மை போதும் என்றார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவை வந்தன, யிட்டிஷிலும் போலிஷிலும் ஹீப்ருவிலும். அப்பாவோடு சண்டை, முதல் காதல், கட்சிக் கூட்டம், வேலையின்மை, நூலகத்தில் இரவல் எடுத்த நாவல் எல்லாம் அதில் இருக்கிறது. நினைவுக் குறிப்புகளில் ஹெய்டெர் ஆசிரியர் பொதுவாக வேடிக்கை மனிதராகிவிடுவார். இந்த இளைஞர்களுக்கு அடி வாங்கிய கோபம் இன்னும் ஆறவில்லை. பாதிக்கு மேல் தப்பிப் பிழைத்து இன்று நியூயார்க்கிலுள்ள யிவோவில் இருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

போர்க்காலத்தில் என்ன ஆயிற்று?

கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மை யிட்டிஷ் பேசியவர்கள். மெடெம் சானடோரியத்தின் பிள்ளைகளும் ஊழியர்களும் 1942 ஆகஸ்டில் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கடைசிவரை படித்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குக் கெட்டோ என்று பெயர். வில்னா கெட்டோவில் ஹெர்மன் க்ரூக் நடத்திய நூலகம் லட்சமாவது புத்தகத்தை இரவல் கொடுத்ததை 1942 டிசம்பரில் விழாவாகக் கொண்டாடினார்கள். அப்போதுதான் 15 வயது நிறைந்த இத்ஸ்ஹோக் ருடஷெவ்ஸ்கி தன் யிட்டிஷ் நாட்குறிப்பில் அந்த விழாவைப் பற்றியும், வாசிப்பே தனக்குப் பெரிய இன்பம் என்றும் எழுதியிருக்கிறான். அடுத்த ஆண்டு வில்னாவுக்கு அருகே பொனார் காட்டில் கொல்லப்பட்டான். குடும்பம் ஒளிந்திருந்த இடத்தில் நாட்குறிப்பைப் பின்னால் கண்டெடுத்தது, பிழைத்த உறவுக்காரப் பெண்.

வார்சா கெட்டோவில், மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக்கின் அனாதை இல்லப் பிள்ளைகள் 1942 ஜூலை 18 அன்று நடித்தது தாகூரின் 'தபால் நிலையம்'. நோயால் அறைக்குள் அடைபட்டு, ஜன்னல் வழியாக உலகத்தைப் பார்க்கும் அமல் என்ற சிறுவனின் நாடகம். மூன்று வாரத்துக்குள் கோர்ச்சாக்கும் சுமார் 200 பிள்ளைகளும் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அமெரிக்கா போன பிள்ளைகள் யிட்டிஷ் படித்தார்களா?

பகலில் ஆங்கிலப் பள்ளி, மாலையில் யிட்டிஷ் 'ஷூலெ', கோடையில் யிட்டிஷ் முகாம். சோஷலிஸ்டுகளுக்கு ஒன்று, கம்யூனிஸ்டுகளுக்கு ஒன்று, கட்சி சாராதவர்களுக்கு ஒன்று என முகாமிலும் பிரிவு உண்டு. நியூயார்க்கில் 1920-இல் தொடங்கிய 'கிண்டர்-ஜுர்னல்' பத்திரிகை அரை நூற்றாண்டுக்கு மேல் வந்தது. ஆனால் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் 1966-இல் வந்த சிங்கரின் 'ஸ்லாதே என்ற ஆடு' தொகுப்பு யிட்டிஷில் எழுதப்பட்டும் முதலில் ஆங்கிலத்தில், மொரீஸ் செண்டக்கின் படங்களோடு வெளியானது. விற்கக் கொண்டுபோன ஆடு, பனிப்புயலில் வைக்கோல் போருக்குள் மூன்று நாள் பால் கொடுத்துப் பையனைக் காப்பாற்றும் கதை அதில் இருக்கிறது. 1978-இல் நோபல் விருந்தில் பேசும்போது, தான் குழந்தைகளுக்கு எழுதுவதற்கான காரணங்களை அடுக்கினார். முதல் காரணம், குழந்தைகள் புத்தகத்தைப் படிக்கிறார்கள், விமர்சனத்தை அல்ல.

இன்றும் குழந்தைகள் யிட்டிஷில் படிக்கிறார்களா?

படிக்கிறார்கள். புரூக்ளின், லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் ஹில், ஆண்ட்வெர்ப், ஜெருசலேம் ஆகிய இடங்களில் தீவிர மதப்பற்றுள்ள ஹசீதிய யூதக் குடும்பங்களில் அதுதான் வீட்டுமொழி. அவர்களுக்கென்று படக்கதைகள், ஒலிநாடாக் கதைகள் என்று தனிச் சந்தையே இருக்கிறது. மொலொடோவ்ஸ்கியையோ க்விட்கோவையோ அங்கே தேட வேண்டாம். மதச்சார்பற்ற எழுத்து அந்த வீடுகளுக்குள் வராது.

வேறொரு சிறு வட்டமும் உண்டு. 2020-இல் முதல் ஹாரி பாட்டர் நாவல் யிட்டிஷில் வந்தது, ஸ்வீடனில் ஒரு சின்னப் பதிப்பகம் வெளியிட்டது. முதல் அச்சின் ஆயிரம் பிரதிகள் இரண்டே நாளில் தீர்ந்தன. மொழிபெயர்த்தவர் அருண் விஸ்வநாத். பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுபவர்களுக்கு: ஆமாம், தந்தை தமிழர். தாய்வழித் தாத்தா யிட்டிஷ் மொழியறிஞர் மொர்த்ஹே ஷெக்டர்.

எதிலிருந்து தொடங்குவது?

ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் முதலில் மோட்ல். பல மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படிக்க 'ஸ்லாதே'. அதிலுள்ள ஹெல்ம் என்ற முட்டாள்களின் ஊர்க் கதைகள் எந்த வயதுக்கும் செல்லும். பல நாட்டு எழுத்தாளர்களை ஒரே நூலில் பார்க்க, மிரியம் யூடெல் மொழிபெயர்த்துத் தொகுத்து 2020-இல் வந்த 'ஹனி ஆன் த பேஜ்'. படங்களுக்காக மட்டும் என்றால் மசாசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்டிலுள்ள யிட்டிஷ் புக் சென்டரின் இணைய நூலகம் போதும். ஆயிரக்கணக்கான யிட்டிஷ் நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட மட்டும் மறந்துவிடாதீர்கள்.